கொரைரா வீட்டுத் தொப்பிகள்

தூத்துக்குடியில் மாதா கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில், சங்குக்கூடத் தெருவின் நடுவில், இஞ்ஞாசி கொரைராவின் வீட்டு முன்னறையில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த பழைய பட்டாளத்துத் தொப்பிகள், தெருவில் சாவு போகும்போது தாமாக எழும்பி மரியாதை செய்யத் தொடங்கியது, உப்பளத்துக் கங்காணி ஒருவர் இறந்துபோன வைகாசி மாதத்தில்தான். கங்காணியின் பெட்டி சன்னலுக்கு நேரே வந்ததும், கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று முன்விளிம்பைப் பிடித்து எடுத்தது போல, தொப்பிகளில் பல தாங்கள் இருந்த மரத்தலைகளை விட்டு நாலு விரல் உயரம் எழும்பி, தெருப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, பெட்டி முக்குத் திரும்புகிறவரைக்கும் அந்தரத்தில் நின்று, பிறகு ஓசையில்லாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. பாண்டு வாசித்தவர்களில் கிளாரினெட்காரர் மட்டும் ஒரு மூச்சைத் தவறவிட்டார். கங்காணியின் மூத்த மகள் அழுகையை நிறுத்தி, “எங்கப்பாவுக்கு வெள்ளைக்காரன் தொப்பியெல்லாம் எந்திரிச்சு நிக்குது பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அழுதாள்.

கொரைரா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன துறைமுகங்களிலெல்லாம் கூட வந்தவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டிருக்க, அவர் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்து, எப்போதோ முடிந்துபோன சண்டைகளில் யார் யாரோ போட்டுக் கழற்றிய தொப்பிகளை வாங்கிக்கொண்டு வந்தார். கரையில் உட்கார்ந்த பிறகு பார்சலில் வரவழைத்தார். இப்படித் தொப்பிப் பைத்தியம் பிடித்த ஆட்கள் பெங்களூரிலும் புனேயிலும் கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்தார்கள். அவர்கள் ஒன்றை வாங்குமுன் இவருக்கு அனுப்பி, அசலா போலியா என்று கேட்பார்கள். இவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லில் ஒன்றுதான் வரும். தெரிந்தவர், வேண்டியவர் என்று எந்தப் போலிக்கும் அசல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தொப்பி பார்க்கும்போது முன்னறைத் திரையை இழுத்துவிட்டு நீல விளக்கைப் பிடிக்கிற வேலை அவர் மனைவி தஸ்நேவிஸ் அம்மாளுக்கு. ஒரு கையில் விளக்கும் மறு கையில் செபமாலையுமாக நிற்பாள். இந்தக் காலத்து நூலாக இருந்தால் அந்த விளக்கில் பளீரென்று வெள்ளையாக மின்னும். பழைய நூல் ஒன்றும் சொல்லாமல் கிடக்கும். கொரைரா உள்பக்கத்தைப் புரட்டி, நெற்றி பட்ட இடத்தில் தோல்பட்டை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பித்தளைச் சின்னத்தைக் கழற்றி, அதற்கு அடியில் வெயில் படாத துணி பழைய நிறத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். “டீத்தண்ணியில முக்கி மொட்டைமாடியில காயப்போட்ட சரக்கு” என்று அவர் ஒதுக்கி வைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. தஸ்நேவிஸ் அம்மாளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, அவளுக்கு எல்லாத் தொப்பியும் ஒன்றுதான். போட்டிருந்தவனின் தாய் என்ன பாடுபட்டாளோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பாள்.

கங்காணியின் சாவன்று கொரைரா கவனித்தது வேறு. அவர் அசல் என்று நம்பி வைத்திருந்த ஒரு சாம்பல் நிறத் தொப்பி எழும்பவில்லை. சந்தேகப்பட்டு ஓரத்தில் தள்ளி வைத்திருந்த ஒன்று எழும்பிற்று. இரண்டையும் மறுபடி எடுத்துப் புரட்டினார். சாம்பல் நிறத்தின் உள்மடிப்பில், முன்பு கண்ணில் படாத ஒரு ஓரத்தில், புதுநூல் மின்னியது. தள்ளி வைத்ததை ஈரத் துணியால் துடைத்து நடுவில் தூக்கி வைத்தார். அசல் தொப்பிகள் மனிதன் தலையில் இருந்தவை, மனிதனுக்கு மரியாதை தெரியும், போலிகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தஸ்நேவிஸ் அம்மாள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அதிலிருந்து பார்சல் வந்தால் பிரித்துச் சன்னலில் வைத்துவிட்டு சாவுக்குக் காத்திருப்பது என்று ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து முடிவு என்ன என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, ‘பொறுங்கள், இங்கே இன்னும் யாரும் இறக்கவில்லை’ என்று அவர் பதில் எழுதுவார். அவர்களும் எதுவும் கேட்காமல் பொறுத்திருந்தார்கள். எதிர்வீட்டில் இளைப்பு நோயோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் லியோன் மோத்தாவுக்கு இது பெரிய பொழுதுபோக்கு. தபால்காரர் வந்து போனதும் குரல் கொடுப்பார்.

“என்னவே கொரைரா, பார்சலா வந்திருக்கு?”

“ஆமாவே.”

“அப்ப நான் இன்னைக்கு மருந்தை ஒழுங்காக் குடிக்கணும். உம்ம தொப்பிக்காக என் உசிரை விட முடியாது.”

“நீரு கிடயும். வேற ஆள் வரும்.”

“பாத்தியா தஸ்நேவிஸ், உன் புருசன் பேச்சை. இவனுக்குக் கண்ணுல ஊரே பொணமாத் தெரியுது.”

தஸ்நேவிஸ் அம்மாளுக்கு இதில் சிரிக்க முடியவில்லை. வீட்டில் பார்சல் இருக்கிற நாட்களில் ஊரில் சுகமில்லாமல் கிடக்கிறவர்களுக்காக இரண்டு மடங்கு செபம் சொன்னாள். அவர்களில் சிலர் பிழைத்தும் கொண்டார்கள், தொப்பிகள் காத்துக் கிடந்தன.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் சாதாரணமானது. கோயிலிலிருந்து குறுக்கு வழியாகக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் சங்குக்கூடத் தெருவைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கின. பாண்டுக்காரர்கள் சன்னலுக்கு நேரே வாசிப்பை நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து சந்தூக்கைத் தூக்கி வந்தவர்களும் ஒருநாள் இந்தப் பக்கமாக வந்தார்கள், அவர்களுக்கும் தொப்பிகள் எழும்பின. பூப்பல்லக்கில் சங்கும் சேகண்டியுமாகப் போனவர்களுக்கும் எழும்பின. அரசு ஆஸ்பத்திரியில் யாரும் வாங்காமல் விட்ட ஒரு பிணத்தை முனிசிபாலிட்டி வண்டியில் கொண்டுபோனபோது தெருவில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை, தொப்பிகள் எழும்பின. அதைப் பார்த்தபிறகு டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உப்பள வரப்பு வழியாகவே தங்கள் சாவுகளைக் கொண்டுபோய்ப் பழகியிருந்த காலனிக்காரர்கள், ஒரு பெரியம்மா இறந்தபோது பறைமேளத்தோடு தெருவுக்குள் வர, முக்கில் சிலர் கையை நீட்டி மறித்துச் சத்தம் போட்டார்கள். சத்தம் முடிவதற்குள் தொப்பிகள் எழும்பி நின்றுவிட்டன. அவை உட்காரவும் இல்லை. நீட்டிய கைகள் எவ்வளவு நேரம்தான் நீட்டியபடி இருக்கும், வலித்து இறங்கின. அதன்பிறகு அந்த வழியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

சண்டையே வரவில்லை என்று சொல்லமுடியாது. எங்கள் சித்தப்பாவுக்கு நாலு விரல் எழும்பிற்று, உங்கள் மாமனாருக்கு மூன்றுதான் என்று இரண்டு வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு முடியைப் பிடித்துக்கொண்டார்கள். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், தொப்பியை எடுப்பது நல்ல பழக்கம், ஞானோபதேசத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் விரல் அளப்பது பாவம் என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஒரு கட்சிக்காரர்கள் மந்திரி ஒருவரின் கொடும்பாவியைப் பாடையில் கட்டி, ஒப்பாரி வைத்து, வேண்டுமென்றே சங்குக்கூடத் தெருவழியாகத் தூக்கி வந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொப்பிகூட அசையவில்லை. தூக்கி வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் தெரு முழுக்க, மந்திரியின் நீண்ட ஆயுளுக்குத் தொப்பிகளே சாட்சி என்று எதிர்த்தரப்பின் சுவரொட்டி. பாடையில் பிணம் இல்லாததால் எழும்பவில்லையா, ஆள் உயிரோடு இருப்பதால் எழும்பவில்லையா என்று மோத்தா ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி தன் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று தஸ்நேவிஸ் அம்மாள் அப்போது நினைக்கவில்லை.

அவளுடைய கடைசி மகன் கஸ்பார் தோணியில் போனவன். சிமெண்டும் காய்கறியும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி திரும்பி வரவில்லை. பலகையோ பாயோ எதுவும் கரையில் ஒதுங்கவில்லை, உடைந்ததைப் பார்த்தவரும் இல்லை. கூடப் போனவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக வெறும் பெட்டியில் சட்டையை வைத்து அடக்கம் செய்துவிட்டு அழுது ஓய்ந்தார்கள். அதெல்லாம் தொப்பிகள் எழும்பத் தொடங்குவதற்கு முந்தி. கொரைரா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு கப்பல் தூக்கியிருக்கும், ஏதோ ஊர்ச் சிறையில் இருப்பான், பாஷை தெரியாமல் முழிப்பான் என்றார். ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் வெளிவாசல் கேட்டின் கொண்டியைத் தன் கையால் எடுத்துவிடுவார். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொல்வார். தஸ்நேவிஸ் அம்மாள் வைத்தாள். அவன் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருக்கிறவர்களுக்கான செபத்தைச் சொல்வதா, போனவர்களுக்கானதைச் சொல்வதா என்று தெரியாமல், மாதாவே உனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லி வந்தாள்.

கஸ்பார் வெளியூரிலிருந்து கொண்டு வந்த தொப்பி ஒன்று அடுக்களை ஆணியில் தொங்கியது. முதல் பயணத்தில் மாலே சந்தையில் ஒரு கிழவனிடம் வாங்கி, பெரிய போரில் ஒரு கப்பல் தளபதி போட்டது என்று நம்பிக் கொண்டுவந்தான். அப்பா வாயால் அசல் என்று ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கொரைரா விளக்கைப் பிடிக்கச் சொன்னார்; தொப்பி முழுக்கக் கார்த்திகை விளக்கு ஏற்றியது போல மின்னியது.

“நாடகத் தொப்பிலே இது. போலி.”

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப அம்மா போட்டுக்கிடட்டும்” என்று தொப்பியைத் தஸ்நேவிஸ் அம்மாள் தலையில் கவிழ்த்தான். பிறகு அதை எடுத்துத் தன் தலையில் வைத்து, மறுபடி கழற்றி, இடுப்பு வளைய அவளுக்கு முன்னால் குனிந்து ஒரு சலாம் போட்டான். “கேப்டன் அம்மா, உத்தரவு.” அன்றிலிருந்து மாடியில் கூழ்வற்றலும் கருவாடும் காயப்போடும்போது வெயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொள்வாள். சன்னல் வரிசையில் அது ஒருநாளும் இருந்ததில்லை. அடுக்களை ஆணியில் எத்தனையோ சாவுகளுக்கு அது அசையாமல் தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள்.

கஸ்பாரின் மனைவி எமில்டா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாமியாரோடு கருவாடு புரட்டினாள், மாமனாரின் தொப்பிகளுக்குத் தூசி தட்டினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வீரபாண்டியன்பட்டினத்தில் ஐஸ் பேக்டரியில் மெக்கானிக்காக இருக்கும் தார்சியுஸ், மனைவியை இழந்தவன், அவளைப் பெண் கேட்டு ஆள் விட்டான். தெருவழியே வந்த பங்குச்சாமியை வாசலில் நிறுத்தித் தஸ்நேவிஸ் அம்மாள் கேட்டதற்கு அவர் தாடையைத் தடவினார்.

“புருசன் செத்ததுக்கு அத்தாட்சி இல்லாம இன்னொரு கல்யாணம் வைக்க முடியாதும்மா. ஆயர் கேப்பாரு.”

“தொப்பி எழும்பினா?” என்று மோத்தா தன் நாற்காலியிலிருந்தே கேட்டார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமி தாடையிலிருந்து கையை எடுத்தார். “தொப்பி எழும்பிச்சுன்னு நான் ஆயருக்கு எழுத முடியாது. ஆனா, அந்தப் பையன் இறந்துட்டான்னு ஊரு முழுக்க ஒரே வாயா நம்புதுன்னு எழுதலாம். அதை அவர் ஏத்துக்கிடுவார்.”

அப்படித்தான் வெறும் பெட்டியைத் தெருவழியாகக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. எழும்பினால் செத்தது உறுதி. எழும்பாவிட்டால் ஒன்றும் உறுதியில்லை, மந்திரியின் கொடும்பாவி மாதிரிதான். கொரைரா கோபப்படுவார் என்று பயந்தார்கள். அவர் உடனே சம்மதித்தார்.

“கொண்டுபோங்க. எழும்பாது. எம் மவன் இருக்கான். ஆனா ஒண்ணு, எழும்பலேன்னா அப்புறம் எவனும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.”

எமில்டா மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எழும்பலேன்னா நான் இங்ஙனயே இருந்துக்கிடுதேன் மாமா. இனி ஆருகிட்டயும் இதப் பத்திப் பேச மாட்டேன்.”

சொன்னால் சொன்னபடி இருக்கிறவள் அவள். தஸ்நேவிஸ் அம்மாளுக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. எழும்பினால் மனுஷன் இடிந்துபோவார். எழும்பாவிட்டால் இந்தப் பெண் கருவாட்டு வெயிலிலேயே காய்ந்துபோவாள். ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் பெட்டிக்கு நாள் குறித்த வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் மாடிப்படி ஏறினபோது, எமில்டா கஸ்பாரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பக்கத்து மாடிக் குழந்தை ஒன்றுக்கு விறைப்பாகச் சலாம் போட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மாமியாரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“சும்மாதான் மாமி. பிள்ளை அழுதுச்சு.”

“அதுக்கு ஏன் புள்ள மறைக்க?”

“தப்பா நினைச்சுக்கிடாதீங்க மாமி.”

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்ததும் தஸ்நேவிஸ் அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கருவாட்டை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போனது, விரட்டவில்லை. அங்கேயே அவள் தீர்மானம் செய்தாள். சன்னலுக்கு இந்தப் பக்கம் திரைக்குப் பின்னால் நின்று, பெட்டி நேரே வரும்போது, ஒரு தொப்பியைத் தன் கையால் தூக்கிவிடுவது. எத்தனையோ வருஷம் நீல விளக்கைப் பிடித்த கையால் ஒரு போலியைச் செய்வது. பாவம்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு, நடக்காத பாவத்தை முன்கூட்டியே சொல்லமுடியாதே என்று அதையும் தள்ளிவைத்தாள்.

பெட்டியில் கஸ்பாரின் கல்யாணச் சட்டையை வைத்தார்கள், செருப்பை வைத்தார்கள், கடற்கரையிலிருந்து அள்ளிவந்த ஈரமண்ணை வைத்தார்கள். அவனோடு தோணித்துறையில் வேலை பார்த்தவர்கள் வந்து தூக்கினார்கள். கனமே இல்லாத பெட்டியை அவர்கள் மரியாதைக்காகத் தோள் சாயச் சாயக் கனமாகத் தூக்கி வந்தார்கள். துக்க மணி அடித்தது. கொரைரா தகப்பன் என்கிற முறையில் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தார், வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டு, தலையை நிமிர்த்தி, ஒரு வழக்கில் தீர்ப்பைக் கேட்கப் போகிறவர் போல. எமில்டா பெண்களோடு நடந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வீடுகளின் மேல்மாடியில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள், டீக்கடை அடுப்பை அணைத்திருந்தார்கள், மோத்தாவின் நாற்காலியை அவர் மருமகன்கள் தெருவோரத்துக்கே தூக்கி வந்து போட்டிருந்தார்கள்.

தஸ்நேவிஸ் அம்மாள் வீட்டுக்குள் இருந்தாள். தாய் கல்லறைக்குப் போகவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததால், அவள் ஏன் உள்ளே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அடுக்களை ஆணியிலிருந்து கஸ்பாரின் தொப்பியை எடுத்து வந்து, வரிசையின் கடைசியில் காலியாக இருந்த மரத்தலையில் வைத்தாள். அவன் பெட்டி போகிற நாளில் அவன் தொப்பி அங்கே இருக்கட்டும் என்று வைத்ததுதான். அதோடு, திரை ஓரத்தில் நின்றால் கைக்கு எட்டுவதும் அந்த ஒன்றுதான்.

பாண்டு நின்றது. பெட்டி சன்னலுக்கு நேரே வந்தது. தூக்கி வந்தவர்கள் சொல்லாமலே நின்றார்கள். தெரு முழுக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்க, வடக்குத் தேசத்துக் கம்பளித் தொப்பி அசையவில்லை, பித்தளைக் கழுகு வைத்த தொப்பி அசையவில்லை, காலனிப் பெரியம்மாவுக்காக உட்கார மறுத்து நின்ற அந்தப் பழுப்புத் தொப்பியும் அசையவில்லை. கொரைராவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. எமில்டா தலையைக் குனிந்துகொண்டாள். “நடங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள், தூக்கினவர்கள் காலை மாற்றி வைத்தார்கள்.

தஸ்நேவிஸ் அம்மாள் மாதாவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் திரைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். தொப்பியின் பின்விளிம்பைத் தொட ஒரு அரிசி அளவுக்கு இடைவெளி இருக்கும்போது, தொப்பி எழும்பிவிட்டது. மற்றத் தொப்பிகள் எழும்புகிற நாலு விரல் உயரத்தில் அது நிற்கவில்லை. ஒரு சாண் எழும்பி, அவை வழக்கமாகச் சாய்கிற தெருப்பக்கமாகச் சாயாமல், அறைக்குள் திரும்பி, அவள் நின்ற திரைப்பக்கமாகத் தாழக் குனிந்தது. இடுப்பு வளையக் குனிகிறவன் கையில் இருக்கிற தொப்பி எப்படிக் குனியுமோ அப்படி. அவள் விரல்கள் வெறுங்காற்றில் நீட்டியபடியே இருந்தன. “எம் பிள்ளையே” என்றாள், வெளியே கேட்காதபடி.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, கடைசித் தொப்பி எழும்பியதும், அதற்குப் பின்னால் திரை அசைந்ததும்தான். பெட்டி முக்குத் திரும்பவில்லை. ஒருவரும் நகரவில்லை.

“எழும்பிச்சா, எழுப்பினாங்களா?” என்று மோத்தா கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“அது வரிசையிலே உள்ளதில்லையே. கஸ்பார் தொப்பில்லா அது. போலின்னு இவரே சொன்னதுல்லா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“கொரைராவே பாத்துச் சொல்லட்டும்.”

கொரைரா கூட்டத்தை விட்டு விலகிப் படியேறி உள்ளே வந்தார். தொப்பி அதற்குள் மரத்தலையில் உட்கார்ந்திருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார், திரை மறைவில் இன்னும் நீட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவே நெருங்கி நிற்க, உள்பக்கத்தைப் புரட்டினார், நெற்றிப் பட்டையைப் பார்த்தார், மோந்து பார்த்தார். கருவாட்டு வாசம்தான் அடித்திருக்கும். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, நீல விளக்கை அவரே எடுத்துப் பொத்தானை அமுக்கினார். அந்தப் பகல் வெளிச்சத்திலும் ஒவ்வொரு தையலும் வெள்ளை வெளேரென்று மின்னியதை அவரும் அவளும் பார்த்தார்கள். அவர் வெளியே, பெண்கள் நடுவில் குனிந்த தலையோடு நின்ற எமில்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார். வாசலுக்குப் போய் நின்றார்.

“அசல்” என்றார்.

அதற்கு மேல் பேச்சில்லை. கொரைரா சொன்னால் சரிதான் என்று மோத்தா சொன்னார். பாண்டு மறுபடி தொடங்கியது. எமில்டா அழுதாள், தோணி வராமல் போன நாளிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். பெட்டி கல்லறைக்குப் போய் மண்ணுக்குள் இறங்கியது. ஊரே ஒரே வாயாக நம்புகிறது என்று சாமி ஆயருக்கு எழுதினார், ஆயர் ஏற்றுக்கொண்டார். எமில்டாவின் கல்யாணம் அந்த வீட்டிலிருந்துதான் நடந்தது. கொரைராதான் அவள் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போனார். தார்சியுஸ் தாம்பூலத்தோடு மாமியார் வீட்டுக்குச் சீர் என்று ஒரு பெரிய ஐஸ் பாளத்தை லாரியில் கொண்டுவந்து இறக்க, தெருப் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் வரைக்கும் அதை உடைத்துத் தின்றார்கள்.

கஸ்பாரின் தொப்பி வரிசையிலேயே இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மோத்தா இறந்தார். அன்றைக்குப் பார்த்து வீட்டில் ஒரு பார்சலும் இருந்தது, மனுஷன் உயிரோடு இருந்திருந்தால் ரொம்பச் சடைந்து குறைபட்டிருப்பார். அவர் பெட்டி எதிர்வாசலிலிருந்து இறங்கியதுமே அசல் தொப்பிகள் எல்லாம் எழும்பி நின்றன. கஸ்பாரின் தொப்பி எழும்பவில்லை. எந்த நாடகத் தொப்பியும் போல மரத்தலையில் உட்கார்ந்திருந்தது.

கொரைரா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். கல்லறைக்குப் போய் வந்து குளித்து ஈரத்தலையோடு அடுக்களை வாசலில் நின்றார். அன்றைக்குத் தூக்கியது ஒரு கைதான் என்று உறுதியானது போல அவர் முகம் தெளிந்திருந்தது.

“அன்னைக்கு உன் கை என்ன நடுக்கம் நடுங்கிச்சு ஏளா” என்றார். “நல்லவேளை, நான் மட்டும்தான் பாத்தேன்.”

தஸ்நேவிஸ் அம்மாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் எது என்று அவளுக்குத் தெரியும், அது பொய்யே இல்லை என்பதும் அவளுக்கு மட்டும் தெரியும். சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆமா” என்றாள். “நடுங்கத்தான் செஞ்சுது.”

அவர் சிரித்தார். வெளியே போய் வழக்கம்போல வாசல் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டார். அவள் மூன்று தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் மாதா படத்துக்கு முன் முழங்காலில் நின்றபோது, அவர் கடலில் பயணம் போகிறவர்களுக்கான செபத்தை வாய்விட்டுச் சொல்ல, அவள் இறந்தவர்களுக்கான செபத்தை உதடு அசையாமல் சொன்னாள். ஆமென் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.